கத்திரி வெயிலுக்கு வேலூர் வீட்டைத் தயார் செய்வது எப்படி: மொட்டை மாடியிலிருந்து முதலுதவி வரை

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்ததும் முதல் கேலி செல்லாமல் போய்விட்டது. கடைசி இரண்டும் இன்னும் செல்லுபடிதான். நம் ஊர் வெயிலின் கணக்கும் அந்த இரண்டில்தான் இருக்கிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடினால் அது ஆவியாகும்போது கொஞ்சம் சூட்டைக் கொண்டுபோகும், ஓடுவதில்லை. மலையில் மரம் இருந்தால் பாறைக்கு நிழல் விழும், இல்லை. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த பாறை, பொழுது சாய்ந்த பிறகு நிதானமாக அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

நாம் கட்டிக் குடியிருக்கும் காங்கிரீட் வீடும் ஒரு குட்டிப் பாறைதான். மதியம் 2 மணி வெயிலுக்கு எல்லோருக்கும் பயம் உண்டு, ஒதுங்கியும் விடுகிறோம். ராத்திரி 11 மணிக்கு ஃபேனைப் போட்டால் அனல் இறங்குகிறதே, அதற்கு மட்டும் யாரும் முன்கூட்டி ஏற்பாடு செய்வதில்லை. பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு தேறுவது ராத்திரியில்தான். மூன்று நான்கு ராத்திரி தொடர்ந்து அறை ஆறாமல் இருந்தால், வெளியே தலைகாட்டாத பாட்டிக்கும் படுக்கையிலேயே மயக்கம் வரும். அதனால் இங்கே முதல் இடம் ராத்திரிக்கு.

கத்திரி என்பது சித்திரை 21-லிருந்து வைகாசி 14, 15 வரை. வெயில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, பங்குனியிலேயே ஆரம்பித்துவிடும். மொட்டை மாடி வேலைகளை மாசிக் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரையில் சுண்ணாம்பு அடிக்க ஏறினால் அடிப்பவருக்கும் ஆபத்து, அடித்ததும் நிற்காது.

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு

கறுத்துப்போன தளத்தின் மேல்பரப்பு உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். 5 அங்குல காங்கிரீட்டைக் கடந்து அந்தச் சூடு உள்கூரைக்கு வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மதியம் ஏறியது சாயங்காலம் உள்ளே வந்து நடுராத்திரி வரை இறங்குகிறது. ஏறுவதைத் தடுப்பதுதான் சுலபமான வழி. வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும் பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

500 சதுர அடித் தளத்துக்கு, இரண்டு கோட்டுக்கு வேண்டியவை: சுண்ணாம்பு 15 கிலோ, வெள்ளை சிமெண்ட் 3 கிலோ, பெயிண்டில் கலக்கும் வெள்ளைப் பசை 1 கிலோ, தென்னை நார் மட்டை அல்லது அகலமான பிரஷ். தளம் சொரசொரப்பாக இருந்தால் சுண்ணாம்பு இன்னும் 3, 4 கிலோ கூடுதலாக இழுக்கும்.

முதல் நாள் மாடியைப் பெருக்கி, தென்னந்துடைப்பமும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பாசி படிந்த மூலைகளை இரும்பு பிரஷால் சுரண்டுங்கள். பாசியின் மேல் அடித்த சுண்ணாம்பு ஒரே மாதத்தில் தோல் உரிவதுபோல் வந்துவிடும். விரிசல்களை அடைக்க வேண்டியதும் இப்போதே. வெள்ளை அடித்த பிறகு விரிசலைக் கண்டுபிடிப்பது சிரமம். ஐப்பசி மழை கண்டுபிடித்துக் கொடுக்கும்.

சுண்ணாம்பை இரும்பு டிரம்மில் 45 லிட்டர் தண்ணீரில் ஊறப் போடுங்கள். சுட்ட கல் சுண்ணாம்பு என்றால் கவனம்: தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் பக்கெட் இளகி ஓட்டையாகிவிடும். கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, கண் மருத்துவரிடம் போக வேண்டும். பொடி சுண்ணாம்பில் இந்தக் கொதிப்பு இல்லை. எதுவானாலும் ஓர் இரவாவது ஊறி, வேட்டித் துணியில் வடிகட்டிய பாலைத்தான் அடிக்க வேண்டும்.

மொத்தப் பாலிலும் வெள்ளை சிமெண்டைக் கொட்டிவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. அரை மணி நேரத்தில் சிமெண்ட் இறுக ஆரம்பித்து, அடிப்பாகம் கட்டியாகி வீணாகும். ஒரு பக்கெட்டில் 10 லிட்டர் பால் எடுத்து, அதற்கு 600 கிராம் வெள்ளை சிமெண்ட், 200 கிராம் பசை கலந்து, அதை அடித்து முடித்த பிறகு அடுத்த பக்கெட்டைக் கலக்குங்கள். கலக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே தண்ணீரும் கீழே சோறுமாகப் பிரிந்து நிற்கும்.

அடிக்கும் நேரம் சாயங்காலம் 5 மணிக்கு மேல். அடிப்பதற்குமுன் தளத்தை ஈரப்படுத்துங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது, ஈரம் மட்டும் இருக்க வேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துத் திரும்பவும் கல்லாக மாறுவதால். அதற்கு ஈரம் வேண்டும். சுடு தளத்தில் அடித்தால் இறுகுவதற்கு முன்பே காய்ந்து, காலில் ஒட்டும் மாவாகிவிடும். முதல் கோட் வடக்கு தெற்காக, மறுநாள் இரண்டாவது கோட் கிழக்கு மேற்காக. அதற்கடுத்த இரண்டு நாள் காலை மாலை தண்ணீர் தெளியுங்கள்.

இது ஒரு கோடைக்குத்தான் உழைக்கும். கடையில் விற்கும் வெள்ளைக் கூரைப் பெயிண்ட் பல வருடம் நிற்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். சொந்த வீட்டுக்குப் பெயிண்ட், வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு என்பது எங்கள் தீர்ப்பு. எதை அடித்தாலும் பத்து நாளுக்கு ஒருமுறை பெருக்குங்கள். செம்மண் தூசி படிந்த வெள்ளை, பாதி வேலைதான் செய்யும். பட்டப்பகலில் வெள்ளை மாடியில் வடகம் காயப் போட ஏறினால் கண் கூசும். கறுப்புக் கண்ணாடியில்லாமல் அதிக நேரம் நிற்காதீர்கள். மாடி மழைநீரைச் சேமிப்பவர்கள் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

பழைய வீடுகளில் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்திருப்பார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சுருக்கியே பாதிச் சூட்டைத் தடுத்துவிடும். ஓட்டின் இடுக்குகளை அடைத்து மேலே வெள்ளை அடித்தால் போதும். புதிதாகக் கட்டும்போது செலவு மிச்சம் என்று சுருக்கியை விட்டுவிடுகிறார்கள். அந்த மிச்சம் ஏசி பில்லில் கரைந்துவிடும்.

மாடிக்குத் தண்ணீர் ஊற்றுவது

நம் தெருக்களில் ஆறு மணிக்கு எல்லோரும் செய்கிற வேலை இது. செய்கிற விதம்தான் பல வீடுகளில் தப்பு. மதியம் ஊற்றினால் சுட்டுக் கிடக்கும் காங்கிரீட் சட்டென்று சுருங்கி நூலிழை விரிசல் விடும். சாயங்காலம் பக்கெட் பக்கெட்டாக வீசினால் தண்ணீர் குழாய் வழியே தெருவுக்குப் போகும்.

சூட்டைக் கொண்டுபோவது ஓடும் தண்ணீர் அல்ல, ஆவியாகும் தண்ணீர். கணக்குப் பாருங்கள்: 500 சதுர அடி, 5 அங்குலத் தளம் சுமார் 13, 14 டன் எடை. அதை 10 டிகிரி ஆற்ற 50 லிட்டர் தண்ணீர் ஆவியானால் போதும். அதாவது நாலு குடம். அந்த நாலு குடமும் மாடியிலேயே நின்று ஆவியாக வேண்டும், அவ்வளவுதான். பழைய கோணிச் சாக்குகளைப் பிரித்துப் படுக்கை அறைக்கு மேலே மட்டும் விரித்து, வெயில் இறங்கிய பிறகு நனையுங்கள். 8 மணிக்கு இன்னொரு முறை தெளியுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் துணி அலசிய கடைசித் தண்ணீரே போதும். காலையில் சாக்கைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். காய்ந்த சாக்கு வெள்ளைப் பரப்பை மறைத்து, பகல் சூட்டைக் கூட்டும்.

நிழல் பந்தல் போடுவதானால் தளத்திலிருந்து 7 அடி உயரமாவது வேண்டும், காற்று நாலு பக்கமும் ஓட வேண்டும். பச்சை வலையைத் தளத்தின் மேலேயே விரித்துக் கட்டுபவர்கள் உண்டு. அது பகலில் கொஞ்சம் தடுக்கும். ராத்திரி தளம் வானத்தைப் பார்த்து ஆறுவதையும் தடுத்துவிடும். தென்னங்கீற்றுப் பந்தல் வலையைவிடக் குளிர்ச்சி. ஆனால் பக்கத்தில் திருவிழா வாணவேடிக்கை உண்டென்றால் அந்த வாரம் நனைத்து வையுங்கள்.

ஷீட் வீடு, ஓட்டு வீடு

இவற்றின் குணம் வேறு. தகரமும் சிமெண்ட் ஷீட்டும் சூட்டைச் சேர்த்து வைப்பதில்லை. வெயில் ஏறியவுடன் உள்ளே அனல், வெயில் இறங்கிய ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். இங்கே பகல்தான் எமன். வெள்ளை அடிப்பது இதற்கும் பொருந்தும். ஆனால் சிமெண்ட் ஷீட்டின் மேல் கால் வைக்காதீர்கள். பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காமல் உடையும். அடியில் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஓடும் இடத்தைப் பார்த்துக் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். நனைத்துவிட்டு, மெத்தென்ற துடைப்பத்தால் தள்ளினால் போதும்.

உள்ளே மூங்கில் பாயோ பனையோலைத் தடுக்கோ கொண்டு ஓர் உள்கூரை கட்டுங்கள். ஷீட்டுக்கும் பாய்க்கும் நடுவே ஓர் அடி இடைவெளி, இரண்டு முனையிலும் காற்று போக வர வழி. முனைகளை அடைத்துவிட்டால் இடையில் சிக்கிய அனல் கீழேதான் இறங்கும். தெர்மாகோல் ஒட்டுவது மலிவு, ஆனால் அடுப்பு உள்ள அறையில் வேண்டாம், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

மண் தரை இருக்கிற இடமென்றால் தை மாதமே வாசலோரம் சுரை, பீர்க்கு விதை ஊன்றுங்கள். சித்திரைக்குள் கொடி கூரையை மூடிவிடும். கொடியை ஷீட்டின் மேல் நேராகப் படர விட்டால் தளிர் கருகும். அரை அடி உயரத்தில் சவுக்குக் குச்சியால் சட்டம் கட்டி ஏற்றுங்கள். காயும் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கலாம்.

ஜன்னல், ஃபேன், கூலர்

காற்று வரட்டும் என்று மதியம் ஜன்னலைத் திறந்து வைப்பது பழக்கமாகிவிட்டது. வெளியே 41, உள்ளே 34 என்றால் வருவது காற்றல்ல, அடுப்பு. காலை 9 மணிக்கு மூடுங்கள். சாயங்காலம் வெளிக்காற்று உள்ளறையைவிட ஆறியதும், பெரும்பாலும் 7 மணிக்கு மேல், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடியும்வரை விடுங்கள். இரண்டு சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி வீட்டுக்குள் ஒன்றும் வெளியே நிழலில் ஒன்றும் மாட்டினால் இதில் சந்தேகமே வராது. திருட்டுப் பயத்துக்கு கம்பி, கொசுவுக்கு வலை. எங்கள் பார்வையில், ராத்திரி ஜன்னலைத் திறக்க முடியாத வீட்டில் கோடைக்கான முதல் செலவு கொசுவலைதான்.

மேற்குச் சுவர்தான் மோசமான சுவர். அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் தடுப்பு வெளியே இருக்க வேண்டும். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத்தான் தடுக்கிறது. சூடு அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ வெளியே கட்டி, 3 மணிக்கு நனைத்தால் மேல்காற்று வாசனையோடு ஆறி வரும். அந்த நேரத்துக்கு மட்டும் அந்த ஒரு ஜன்னலைத் திறக்கலாம்.

ஃபேன் காற்றை ஆற்றுவதில்லை, வியர்வையை ஆவியாக்குகிறது. அறை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பின் மேல் அனலைத்தான் ஊதும். அப்போது ஃபேனை நம்பாதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த நேரம் கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பது பலன் தரும். வயதானவர்களுக்கு வியர்வை குறைவாகவே சுரக்கும். அவர்களுக்கு 40 வரை காத்திருக்காமல் முன்பே பனியனை நனைத்துப் போட்டுவிடுங்கள்.

ஏர் கூலர் வேலூரில் ஏப்ரலில் நன்றாக வேலை செய்யும், மே மாதம் கோடை மழை பெய்த மறுநாள் கைவிரிக்கும். கூலர் பழுதாகிவிட்டதாகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் நல்ல கூலர் 26, 27 டிகிரிக் காற்றைத் தரும். 35 டிகிரி, 60 சதவீதம் என்றால் 29, 30-க்குக் கீழே இறங்கவே முடியாது. கூலரை ஜன்னலை ஒட்டி, முதுகு வெளிக்காற்றைப் பார்க்கும்படி வையுங்கள், எதிர்ப்பக்கம் கதவையோ ஜன்னலையோ ஒரு சாண் திறந்து விடுங்கள். மூடிய அறையில் ஓட்டினால் அரை மணியில் புழுக்கம் தாங்காது. போர்வெல் தண்ணீரின் உப்பு, கூலரில் தண்ணீர் ஊறும் பேடில் படிந்து வெள்ளை ஓடாகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவதும் அந்தத் தொட்டியில்தான். ஏசி வைத்திருப்பவர்கள் 26-இல் வைத்து ஃபேனையும் மெல்லச் சுழல விட்டால் போதும்.

தண்ணீர், பானை, மருந்து

கறுப்புத் தொட்டித் தண்ணீர் மதியம் கை பொறுக்காத சூட்டில் வரும். குளிக்கிற தண்ணீரை விடிகாலை 5 மணிக்கே அண்டாவில் பிடித்து உள்ளே வையுங்கள். தொட்டியைச் சுற்றிக் கோணி கட்டினாலும் குறையும்.

பானைத் தண்ணீருக்கு மெருகில்லாத மண்பானை வாங்க வேண்டும். நம் கரிகிரிப் பக்கம் மெருகிட்டுச் செய்யும் பாண்டங்கள் அழகுக்கு வாங்கலாம். மெருகு துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் ஆறாது. புதுப்பானையை ஒரு நாள் முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஈர மணல் மேல், நிழலில், காற்று ஓடும் நடையில் வையுங்கள். அடுப்படி மூலையில் வைத்த பானைக்கு ஆறக் காற்றே கிடைக்காது. போன வருடப் பானை ஏன் ஆற மாட்டேன் என்கிறது என்றால், உப்பு துளைகளை அடைத்துவிட்டது. அதை வாசலில் செடிக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் வைக்கவும் மண்பானைதான். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், சின்னப் பானைக்குள் மருந்தை மூடிய டப்பாவில் போட்டு, மேலே ஈரத்துணி. மணலைக் காலை மாலை நனையுங்கள். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனதும் உதவாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

குடிப்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கேழ்வரகுக் கூழ், உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரம் மூன்றும் தண்ணீரையும் உப்பையும் சேர்த்தே தருகின்றன. வியர்த்துக் கொட்டுகிறவர் வெறும் தண்ணீரை மட்டும் பல லிட்டர் குடித்தால் உடம்பில் உப்புக் குறைந்து தலைசுற்றலும் வாந்தியும் வரும், அதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கெடுதல். கை அளவில் போடாதீர்கள். பாக்கெட்டில் 1 லிட்டர் என்று போட்டிருந்தால் 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். குழந்தைக்கு என்று பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது ஆபத்து. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடிக்கிறீர்கள். டீ நிறத்தில் போனால் ஏற்கனவே தாமதம்.

சிறுநீரகக் கோளாறு, இதயப் பலவீனம் உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை மருத்துவர் கட்டிவைத்திருப்பார். நீர் மாத்திரை சாப்பிடுபவர்களும் இருப்பார்கள். கோடை தொடங்கும்போதே போய் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

வெளியே வேலை செய்பவர்கள்

கட்டட வேலை, செங்கல் சூளை, கல் குவாரி, ராணிப்பேட்டை ஆம்பூர் வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகள், நூறு நாள் வேலை எல்லாவற்றுக்கும் ஒரே விதி: உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் வேண்டும். வேலையில் சாய்ந்து விழுபவர்களில் நிறையப் பேர் புதிதாகச் சேர்ந்த முதல் சில நாட்களில் விழுகிறார்கள். புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, தினம் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி ஐந்தாம் நாள் முழு வேலை. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பிய பழைய ஆளும் பாதி புது ஆள்தான். மேஸ்திரிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு ஆள் விழுந்தால் அன்றைக்கு மொத்த வேலையும் நின்றுபோகும் என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லிப் பாருங்கள்.

20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுக்கும்முன். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். 11 முதல் 4 வரை கூரைக்கு மேல் வேலை, கம்பி கட்டும் வேலை வேண்டாம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் அந்த மணிகள் ஈடாகிவிடும். சிஎம்சி மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து வாசலிலும் தெருவிலும் காத்திருக்கும் வெளிமாநிலத்தவர்களும் வெயிலுக்குப் பழகாத புது ஆட்கள்தான். கடைக்காரர்கள் நிழலில் ஒரு பெஞ்சும் ஒரு பானையும் வைத்தால் பெரிய உதவி.

மாடு வைத்திருப்பவர்கள்: கலப்பின ஜெர்சிக்கு நாட்டு மாட்டின் தாங்கும் சக்தி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்றோட்டத்தில் கட்டுங்கள். காய்ந்த தீவனத்தை ராத்திரிக்கு மாற்றுங்கள், வைக்கோல் செரிக்கும்போது வயிற்றில் உண்டாகும் சூடு பகல் சூட்டோடு சேரக் கூடாது. தொட்டித் தண்ணீர் நிழலில் இருக்க வேண்டும். சுடு தண்ணீரை மாடும் குடிக்காது.

ஆள் சாய்ந்துவிட்டால்

வியர்த்து, தலைவலித்து, கால் தசை இழுத்து, தெளிவாகப் பேசுகிறார் என்றால் அது வெயில் களைப்பு. நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, ஓஆர்எஸ் வாய் வாயாகக் கொடுங்கள். அரை மணியில் தேறாவிட்டால் மருத்துவமனை.

பேச்சுக் குழறுகிறது, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, நினைவில்லை: இது வெப்பவாதம், ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பவாதம் என்று பலர் நம்புகிறார்கள். வேலை செய்துகொண்டே விழுந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கும். அக்குள் தெர்மாமீட்டர் உள்சூட்டைக் குறைத்துக் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூளை தடுமாறுகிறதா என்பதே அடையாளம்.

ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். மற்றவர்கள் வண்டி வரும்வரை காத்திருக்கக் கூடாது. முதல் அரை மணியில் ஆற்றுவதுதான் உயிரைக் காப்பாற்றும். சட்டை, பேண்ட், ஷூவைக் கழற்றுங்கள். பம்புசெட்டுத் தொட்டி பக்கத்தில் இருந்தால், வாட்டசாட்டமான தொழிலாளியைக் கழுத்துவரை தண்ணீரில் இறக்கி, தலையை ஒருவர் விடாமல் தாங்கிப் பிடிக்கட்டும். தொட்டி இல்லாவிட்டால் குடம் குடமாக உடம்பெங்கும் ஊற்றி, அட்டையால் இரண்டு பேர் விடாமல் விசிறுங்கள். மீன் கடை, ஜூஸ் கடை ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்தின் இரு பக்கம், அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். வயதானவருக்குத் தொட்டி வேண்டாம், ஈரமும் விசிறலும் போதும். நினைவு தெளிந்தாலோ நடுக்கம் வந்தாலோ நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

நினைவில்லாதவர் வாயில் சோடாவோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல, மாத்திரை சூட்டைக் குறைக்காது, ஏற்கனவே அடிபட்ட ஈரலுக்குச் சுமை. கட்டைவிரலில் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் தடவுவதை நீர்க்கடுப்பு வந்த அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றி நின்று வீடியோ எடுப்பவர்களை விலக்குங்கள், காற்று வேண்டும்.

வெயிலால் இறப்பு நேர்ந்தால், 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதால், குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும். ஆள் எந்த நேரத்தில், எங்கே, எந்த வேலையில் விழுந்தார் என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

மார்கழிக் குளிர்

வெயிலோடு குளிருக்கும் நாலு வார்த்தை. சமவெளியில் அது பெரிய விஷயமில்லை. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் விஷயம்தான். காவலூரில் வானத்தைப் பார்க்கத் தொலைநோக்கி வைத்தார்களே, அந்தத் தெளிந்த வானம்தான் மேகப் போர்வை இல்லாத இரவில் மலையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. நம் மொட்டை மாடியை ஆற்றும் அதே வேலை, ஆறு மாதம் தள்ளி. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் வந்து தேங்கும். மலையில் தங்கப் போகிறவர்கள் ஓடை ஓரத்துப் பள்ளத்தைவிட்டு மேட்டில் இடம் பாருங்கள். மேலே மூன்று போர்வை போட்டும் குளிருவது தரையால். கீழே வைக்கோலோ அட்டையோ, அதன் மேல் கோணி, அதன் மேல் பாய் போடுங்கள், மேலே ஒரு போர்வை போதும்.

கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்போ தணல் சட்டியோ வைத்துத் தூங்குவது குளிரைவிடக் கொடியது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, புகையில்லை. தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். சட்டியைச் சுற்றி உட்கார்ந்து காய்ந்துவிட்டு, படுக்கும்முன் வெளியே கொண்டுபோய் மணல் போட்டு அணையுங்கள். காலையில் அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால், கஷாயம் போடுவதற்குமுன் கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், 108-ஐ அழையுங்கள்.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் மார்கழி விடியலில் மூடுபனி இறங்கினால் ஹைபீம் போடாதீர்கள்; பனித்துளிகள் அதைத் திருப்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோபீம், இடது ஓரக் கோட்டைப் பார்த்து மெதுவாக. நிற்க வேண்டுமென்றால் சாலையோரத்தில் நிற்காமல் பெட்ரோல் பங்க்குக்குள்ளோ டீக்கடை வளாகத்துக்குள்ளோ முழுதாக உள்ளே போய் நில்லுங்கள். ஏழரை, எட்டு மணிக்கு வெயில் ஏறிப் பனி விலகிவிடும்.